மூக்குத் துடைத்த நான்கு நாட்கள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
09.06.2025

அன்புள்ள மகன் றிக்சனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே என் மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே பேர்கனில் நீயும் மருமகள் தினுஷாவும் பேரன் நேதனும் நலமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபிக்கிறோம். பதினேழு நாளாக நீ என்னோடு கதைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டும் விழுகிறது, பதில்தான் இல்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன், இதை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

உன் கோபம் நியாயம். வேலைக்கு லீவு எடுத்துப் பிள்ளை பார்க்கிறாய், மூக்கு வடிகிற பிள்ளையைத் அந்த ஊர் வழக்கம் என்று தள்ளுவண்டியோடு வெளியே குளிரில் நித்திரையாக்கி வைத்திருக்கிறாய், வீடியோவில் இதையெல்லாம் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. குளிரில் போட்டுத்தான் தடிமன் வந்தது என்று ஏசினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆம்பிளை ஒருவன் மூக்குத் துடைக்கவா நோர்வேக்குப் போனான் என்று உன் தங்கச்சியும் கேட்கும்படி சிரித்தேன். நீ போனை வைத்துவிட்டாய்.

பிறகு நடந்ததைக் கேள். தங்கச்சி நிரோஷினிக்கு மட்டக்களப்பில் நான்கு நாள் ஆசிரியர் பயிற்சி, மருமகன் கட்டாரில், ஆகவே ஒன்றரை வயது ஷெரினை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து ஒரு கிழமைதான், குனியக் கூடாது, பிள்ளை தூக்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடியோடு கதிரையில் இருக்கிறா. முதல் நாளே ஷெரினுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. தலை முழுகவில்லை, மழையில் நனையவில்லை, வெளியே கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, இதில் குளிர் எங்கிருந்து வந்தது? என் லேஞ்சித் துணியால் துடைத்துத் துடைத்து மூக்கடியில் தோல் சிவந்துவிட்டது. அதற்கு மேலே என் புத்தி போன போக்கில் தைலத்தைப் பூசினேன். பிள்ளை வீறிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு இராசமலர் ஓடி வந்துவிட்டா. ஓட்டோ பிடித்துக் கிளினிக்குக் கொண்டு ஓடினேன்.

அங்கிருந்த தாதி மிஸ்ஸி முதலில் பிள்ளையின் முகத்தைக் கழுவினா, பிறகு என்னை ஏசினா. சின்னப் பிள்ளையளின்ர மூக்குக்குக் கிட்டவும் தைலம் கொண்டு போகக் கூடாது ஐயா என்றா. அன்ரிபயோட்டிக் பாணி மருந்து தாருங்கள் என்றேன், அது இதற்கு வேலை செய்யாதாம். தடிமன் ஆளுக்கு ஆள் தொற்றுகிற கிருமியால் வருவது, குளிர் காற்றால் அல்லவாம், மூக்கு வடிவது உடம்பு தன்னைக் கழுவுகிற வேலையாம். இரண்டு மூன்று நாளில் மஞ்சளாக, பச்சையாகத் தடித்தாலும் பயமில்லை, பெரும்பாலும் பத்து நாளுக்குள் சுகமாகிவிடுமாம். மூக்குக்குள் விட உப்புத்தண்ணீர்த் துளி தந்தா. ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். மூச்சு வேகமாகி விலா உள்ளே இழுத்தால், குடிக்க மறுத்தால், காய்ச்சல் விடாவிட்டால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னா. ஒரே லேஞ்சியால் அவளுக்கும் எனக்கும் துடைத்த கெட்டிக்காரனுக்கு மூன்றாம் நாள் மூக்கு ஒழுகியது.

மகன், அந்த நான்கு நாளும் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. துடைக்கப் போனால் முகத்தைத் திருப்புவாள், மூக்கடைத்ததால் பால் குடிக்க முடியாமல் அழுவாள், என் தோளிலே சளியைத் தேய்த்துவிட்டு நித்திரையாகிவிடுவாள். இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவன், எனக்கு இப்படி முதுகு நொந்ததில்லை. நீ இதைத் தனியாக ஒவ்வொரு நாளும் செய்கிறாய் என்பது அப்போதுதான் விளங்கியது.

எங்கள் பிள்ளைகளுக்கு இப்படித் தடிமன் வந்த ஞாபகமே எனக்கு இல்லையே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னா, வராமல் எங்க போகும், நீங்கள் வேலையால வீட்டுக்கு வரேக்க நான் துடைச்சு வைச்சிருந்தனான், அதுதான் உங்களுக்குத் தெரியாது.

நான் ஒருநாளும் செய்யாத வேலையை நீ செய்கிறாய், அதைப் பார்த்துத்தான் சிரித்தேன். மன்னித்துக்கொள் அப்பன்.

பங்குனியில் நான் அனுப்பிய தைலத்தை நேதனுக்குப் பூசாதே, எட்டாத உயரத்தில் வை. நீயும் கையைக் கழுவி, நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூவருக்கும் ஆண்டவரின் ஆசீர் கிடைக்கட்டும். என்னோடு கதைக்க மனமில்லாவிட்டால் பரவாயில்லை, அம்மாவுக்கு எடு. அவ ஸ்பீக்கரில் போடட்டும், நான் பேசாமல் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வேன்.

அன்புடன் அப்பா,
இராஜநாயகம்