பழைய கோர்ட்டின் கல் பெஞ்சு

ஷார்ஜா
3.3.2006

அன்புள்ள வள்ளிக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், அது உண்மை.

கோர்ட்டு நோட்டீஸ் கேம்ப் விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. இங்கிலீஷில் இருந்ததால் மணிகண்டன்தான் வாசித்துச் சொன்னான். விவாகரத்து என்ற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ரூமில் எட்டுப் பேர் இருக்கிறோம் அல்லவா. ஜூன் பன்னிரண்டாம் தேதி நான் ஆஜராக வேண்டுமாம்.

சரி, அதை விடு. என்னையும் மணிகண்டனையும் அபுதாபி முசஃபாவிலிருந்து இங்கே மாற்றிவிட்டார்கள். வேடிக்கையைக் கேள், இங்கே எனக்கு வேலையே ஒரு கோர்ட்டில்தான். காஜி உட்கார்ந்து வழக்குக் கேட்ட பழைய கட்டடம். நூறு வயதுக்கு மேல் இருக்கும். பழையபடியே புதுப்பித்து, ஜனங்கள் பார்ப்பதற்குத் திறக்கப்போகிறார்கள். சுவர் முழுக்கக் கடலிலிருந்து எடுத்த பவளக்கல். முப்பது வருஷத்துக்கு முன் யாரோ கெட்டிக்காரன் அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டான். உள்ளே இருந்த உப்பு வெளியேற வழியில்லாமல் கல்லைத் தின்றுவிட்டது. தட்டினால் மாவாகக் கொட்டுகிறது.

வந்த அன்றே நானும் பழக்க தோஷத்தில் ஒரு வெடிப்பில் சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டேன். சூப்பர்வைசர் லுக்மான் பாய், கீழக்கரைக்காரர், ஓடி வந்தார். "யோவ் சோலை, என்னய்யா செஞ்சே! மூச்சு விடுற செவுருய்யா இது. சுரண்டு, எல்லாத்தையும் சுரண்டு" என்றார். அரைநாள் சுரண்டினேன். இனி சுண்ணாம்புதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சோலைமுத்து

*

மானாமதுரை
20.3.2006

சோலைமுத்து அவர்களுக்கு நாகவள்ளி எழுதுவது.

உங்களுக்குக் கடிதம் எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.

கோர்ட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரே வரி. கல்லுக்கு மூச்சு முட்டும் என்று தெரிந்துகொண்ட மனுஷனுக்கு, பெண்டாட்டிக்கு முட்டும் என்று தெரியாமல் போய்விட்டது.

நம் பிள்ளை பிறந்து பதினோரு நாள் இருந்துவிட்டுப் போனாள். "கம்பெனி லீவு தரமாட்டேங்குது வள்ளி, நான் என்ன செய்ய" என்று போனில் சொன்னீர்கள். நம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லி உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன். போன தீபாவளிக்கு மணிகண்டன் பெண்டாட்டி அருணா வாய் தவறிச் சொன்னாள்: "லீவு குடுத்துட்டாங்களாம்க்கா. அண்ணன்தான் போகலைன்னு சொல்லிட்டாகளாம்."

மூன்று வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கேஸ் என் அண்ணன் சொல்லிப் போட்டது என்று நினைக்காதீர்கள். நான் போட்டது. பிள்ளை என்னால்தான் போனாள் என்று நினைத்தீர்களா? அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மறுபடியும் சுவரைப் பற்றி எழுதினால் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன்.

நாகவள்ளி

*

ஷார்ஜா
9.4.2006

வள்ளி,

கிழித்துவிடாதே. சுவர் கடைசியில்தான் வரும்.

லீவு கிடைத்தது. நான் பொய் சொன்னேன். பெட்டி கட்டத்தான் உட்கார்ந்தேன். அவள் பிறந்த செய்தி வந்த அன்றே ஓடிப்போய் வாங்கிய கொலுசு பெட்டியில் மேலாகவே கிடந்தது. என் இரண்டு விரலில்தான் மாட்டலாம், அவ்வளவு சின்னது. பெட்டியை மூடிவிட்டேன்.

உன்னை ஒருநாளும் குறை நினைக்கவில்லை. குலசாமி மேல் சத்தியம். உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவன், உன் முகத்தைப் பார்த்ததும் நானே உடைந்துபோவேனே என்று பயந்தேன். ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்று இருந்தேன். ஒரு மாதம் ஆனதும், இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று தோன்றியது. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. உன் புருஷன் ஒரு பயந்தாங்கொள்ளி, வள்ளி. வேறு காரணம் ஒன்றுமில்லை.

இனி கோர்ட்டு. வாசலில் இரண்டு சிமெண்ட் மேடைகள் தனித்தனியாக இருந்தன. வழக்குப் போட்டவனுக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று. செதுக்கிப் பார்த்தால் அடியில் ஒரே நீளக் கல் பெஞ்சு! இங்கே காவல் இருக்கும் அப்துல் ஹாதி என்ற அரபியின் தகப்பனார், அந்தக் காலத்தில் இதே வாசலில் காவா ஊற்றிக் கொடுத்தவராம். காவா என்றால் இவர்களுடைய காப்பி. காஜி கூப்பிடும்வரை இரண்டு பேரும் அந்த ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டுமாம். கப்பும் ஒன்றுதான். இவன் குடித்துவிட்டுக் கொடுத்தால் அதில் அவன் குடிக்க வேண்டும். "கலாஸ்", முடிந்தது என்று சொல்லி, உள்ளே போகாமலே வீடு திரும்பியவர்களும் உண்டாம்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் ஒன்பதாம் தேதி திருச்சியில் இறங்குவேன். நீ எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். அதற்கு முன் கொஞ்ச நேரம் உன் பக்கத்தில் உட்காரவிடு.

சோலை

*

மானாமதுரை
2.5.2006

மாமா,

கிழிக்கவில்லை. நாலு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது வந்த கோபத்தில் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிவிட்டேன். அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். பொய் சொன்னீர்களே மாமா. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்?

உங்களுக்கு ஒன்று தெரியாது. அவள் போன அன்று நான் அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று தெருவில் பேசினார்கள். நீங்கள் வந்ததும் சேர்ந்து அழலாம் என்று வைத்திருந்தேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

கேஸை வாபஸ் வாங்கவில்லை. காகிதத்தில் அழுதவரை நம்பி வாங்கவும் மாட்டேன். முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். திருச்சியில் இறங்கியதும் உங்கள் அக்கா வீட்டுக்குப் போங்கள். இங்கே வர வேண்டாம். பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கெல்லாம் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள். பத்தரைக்குத்தான் கூப்பிடுவார்கள்.

நம்மூர்க் கோர்ட்டும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்தான். இதைப் புதுப்பிக்க எவரும் வரவில்லை. வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு கிடக்கிறது. ஓரத்தில் ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். கேஸ் போட வந்த அன்று தனியாக உட்கார்ந்து விழப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும்.

அண்ணனைக் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நிற்கச் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும். நீங்கள் அந்தக் கொலுசை மறக்காமல் எடுத்து வாருங்கள். நான் பிளாஸ்க்கில் காப்பி கொண்டு வருகிறேன். டம்ளர் ஒன்றுதான் கொண்டு வருவேன்.

வள்ளி