மந்திரித்த மெசின்

பள்ளிமுனை,
12.01.2025

அன்புள்ள அண்ணா,

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறாள் என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சத்தம் போட்டால் எனக்கு வாய் எழும்பாது. அம்மாவும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார்.

போன ஞாயிறு நீங்கள் சொன்னது நியாயமில்லை. "படிச்ச பிள்ளை குப்பை இரும்பு பொறுக்கிக்கொண்டு திரியுது" என்றீர்கள். நத்தார்ப் பண்டிகைக்கு வந்த சாந்தரூபன் மச்சான் என் மெசினைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். படத்தில் துரு விழுந்திருக்கும். அது ஓடுவது விழுந்திருக்காது.

அது கன்னியர் மடத்தில் முப்பது வருடம் உழைத்த வோஷிங் மெசின். சிஸ்டர்மார் எறியப்போன அன்று கேட்டு வாங்கினேன். வெளித்தகரமும் தொட்டியும் மட்டும்தான் இப்போது அதன் சொந்தம். மோட்டரும் டைமரும் உம்மு ஸல்மா அக்கா வீட்டில் தொட்டி வெடித்துக் கிடந்த மெசினில் இருந்து வந்தவை. மோட்டரைப் பூட்டும் துளைகள் பொருந்தவில்லை. படகு எஞ்சின் திருத்துகிற பஸ்ரியன் அண்ணையிடம் கொடுத்து ஒரு தகடு வெட்டுவித்தேன். பெல்ட் வேறொரு மொடலுடையது. முதல் நாள் சுற்று அதிகமாகி அப்பா உடுத்துகிற சாரம் இரண்டாகக் கிழிந்தது. மோட்டரில் சின்னக் கப்பி மாற்றிய பிறகு பதமாகத் தோய்க்கிறது.

பெல்ட் கேட்டு ரவுண் கடைத்தெருவுக்குப் போனபோது, மெசின் திருத்துகிற கடைப் பரமநாதன் அண்ணர் நாலு பேருக்குக் கேட்கச் சிரித்தார். "என்ன பிள்ளை, பட்டம் எடுத்தது பெல்ட் மாட்டவோ?" நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். பௌதிகம் படித்தவள் மாட்டாமல் வேறு யார் மாட்டுவது? இந்தப் பதில் பாதி வழியில்தான் வந்தது. உங்களிடமும் எனக்கு அப்படித்தான் ஆகிறது.

"நான் அனுப்பின புது மெசின் இருக்க இதென்னத்துக்கு?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்வதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் கேட்காதீர்கள்.

வாடைக் காற்று இன்னும் விடவில்லை. அப்பா கிழமையில் இரண்டு நாள்தான் கடலுக்குப் போகிறார். குளிருக்குள் கவனமாக இருங்கள்.

உங்கள் தங்கச்சி,
பிறின்சி

பரிஸ்,
04.02.2025

அன்பின் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைச்சது. பக்கம் பக்கமா எழுதத் தெரியுது, போனில நாலு சொல்லுக் கதைக்கத் தெரியேல்ல உனக்கு.

குப்பை பொறுக்கிறாய் எண்டு சொன்னது பிழைதான். ஆனா என்ர இடத்தில இருந்தும் யோசி. ரெண்டு வருசம் லீவெடுக்காமல் ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவித்தான் அந்த மெசினைக் கப்பலில ஏத்தினனான். விடுதிக்காரற்ற கூலித் துணியை அம்மா இனிக் கையால தோய்க்கக்கூடாது எண்டு. படத்தில பார்த்தால் ஒரு துருப்பிடிச்ச தகரம் முற்றத்து நடுவில நிக்குது. என்ர மெசின் உள்ளுக்குள்ள, மூலையில.

ஞாயிறு ஞாயிறு அம்மா அதுக்குப் பக்கத்தில நிண்டு, "தங்கமான மெசின் தம்பி, விடுதிக்காரற்ற படுக்கை விரிப்பெல்லாம் இதிலதான்" எண்டு சொல்லுறா. அவவுக்குக் குறையில்லை. உனக்கு என்ன குறை? நான் வாங்கினதெண்டால் உனக்குப் பிடிக்காதோ? படிச்ச திமிரோ? உன்னைப் படிப்பிச்சதும் நான்தான். சொல்லக்கூடாது எண்டு இருந்தனான், சொல்ல வைச்சிட்டாய்.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் சாந்தரூபன் வருவான். தகரத்தை அவனிட்டக் குடுத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பு. ஊர் பார்த்துச் சிரிக்கிற பகிடியா இருக்கக்கூடாது.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அண்ணா,
டிலோஜன்

பள்ளிமுனை,
01.03.2025

அன்புள்ள அண்ணா,

திமிர் என்று எழுதினீர்கள். அந்தச் சொல்லுக்காக வாக்கை மீறுகிறேன். உங்கள் மெசின் இங்கே பதினொரு நாள்தான் ஓடியது.

எங்கள் குழாயில் காலையில் ஒரு மணித்தியாலம் நூல் மாதிரித் தண்ணீர் வரும். உங்களுக்கு அது மறந்துவிட்டது. மெசின் தண்ணீருக்குக் காத்திருந்து, கத்திவிட்டு நின்றுவிடும். நான் ஒரு பீப்பாயை உயரத்தில் ஏற்றித் தண்ணீர் கொடுத்தேன், ஓடியது. பன்னிரண்டாம் நாள் கரண்ட் போய்ப் போய் வந்ததில் உள்ளே எல்லாவற்றையும் நடத்துகிற மின்பலகை, அந்தப் போட், எரிந்துவிட்டது. "இந்த மொடலுக்கு இஞ்ச ஒருத்தரிட்டயும் போட் இல்லை" என்று பரமநாதன் அண்ணர் கையை விரித்தார்.

உங்களிடம் சொல்வோம் என்றேன். அம்மா விடவில்லை. "பழுதெண்டு கேள்விப்பட்டால் அண்டைக்குத் தம்பி சாப்பிடமாட்டான்." ஞாயிறுகளில் நீங்கள் போன் எடுக்க முதல் காய்ந்த உடுப்புகளை அதற்குள் திணித்துக் கதவைச் சாத்துவார். அதைத்தான் நீங்கள் வீடியோவில் பார்க்கிறீர்கள். மற்ற ஆறு நாளும் விடுதிக்காரரின் விரிப்புகளைக் கிணற்றடியில் கையால்தான் தோய்க்கிறார். விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசிகிறது. சவர்க்காரத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உங்களுடன் கதைக்கும்போது அவர் கைகளைப் பின்னால் கட்டியிருப்பதை ஒரு நாளாவது கவனித்தீர்களா? தகரத்தின் துருவைக் கவனித்தீர்கள்.

நீங்கள்தான் என்னைப் படிப்பித்தீர்கள். நான் அதை மறக்கவில்லை. அந்தப் படிப்புத்தான் இப்போது முற்றத்தில் சுற்றுகிறது.

அதில் ஒரே ஒரு குறை. தண்ணீரை வெளியேற்றும் பம்ப் உக்கிப்போய்விட்டது. வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய கழிவுத் தொட்டிக்குப் பம்ப் இல்லாமல் தண்ணீர் ஏறாது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நேரத்தில் அம்மா அழுக்குத் தண்ணீரைக் கோப்பையால் அள்ள வேண்டும். "அதுக்குக் கையாலேயே தோய்க்கலாம்" என்கிறார். கடைகளில் பொருந்துகிற பம்ப் இல்லை. உங்கள் மெசினில் இருக்கிறது. அது போட் இல்லாமலே நேராகக் கரண்டில் ஓடும். குழாய் வாயும் அளந்து பார்த்தேன், சரி.

ஆனால் அம்மா அந்த மெசினை இறக்கிய அன்றே, புதுப் படகுக்குச் செய்வதுபோலப் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பித்துவிட்டார். மந்திரித்த பொருளைக் கழற்றினால் பாவமாம். நான் வெட்கத்தை விட்டுச் சுவாமியிடமே போய்க் கேட்டேன்.

"நான் தீர்த்தம்தான் தெளிச்சனான் பிள்ளை, பூட்டுப் போடேல்ல. கழட்டுங்கோ" என்று சிரித்தார்.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சுவாமிக்கு என்ன தெரியும்? தம்பி சொல்லட்டும்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. பௌதிகப் பட்டதாரி சொன்னால் போதாது. மந்திரித்த சுவாமி சொன்னாலும் காணாது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத நீங்கள் சொல்ல வேண்டும். அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டுதான் கேட்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு அம்மாவிடம் பழுதைப் பற்றி ஒன்றும் கதைக்காதீர்கள். அவர் காய்ந்த உடுப்பைக் காட்டினால், "நல்லது" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு, "பிறின்சிக்கு ஒரு பம்ப் வேணுமாம், என்ர மெசினில கழட்டட்டும், நான் வேற ஒண்டு அனுப்பிவிடுறன்" என்று ஒரு வசனம் சொல்லுங்கள்.

அனுப்ப வேண்டாம், அண்ணா. சொன்னால் போதும்.

பிறின்சி