இரண்டு கஞ்சிப் பானை

12-8-1968

கைலாசத்தை நேற்று எரித்தோம். நான் சொல்லச் சொல்ல மருமகள் கலாவதி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. நடந்தது எதுவும் மறக்காது.

நெசவாளர் சங்கத்தைக் கட்டியவன், கூலிக்காகச் சிறைக்குப் போனவன், வேலைநிறுத்தத்தின் நடுவில் போய்விட்டான். கூலி உயரும்வரை யாரும் பாவு விரிக்கக் கூடாது என்பது அவன் போட்ட கட்டுப்பாடு. பட்டு நூலைப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டினால்தான் தறியில் ஏற்றலாம். ஒளித்துச் செய்ய முடியாது.

பாடையின் முன்கொம்புக்குச் சம்பந்தமும் அப்பாதுரையும் சுடுகாடு வரை மல்லுக்கட்டினார்கள். சங்கத்துக்கு அடுத்த தலைவர் யார் என்ற போட்டி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

14-8

இருவரும் தனித்தனியே வந்தார்கள். சம்பந்தம் கைலாசத்தோடு சிறையில் இருந்தவன். அப்பாதுரை மேடைப் பேச்சுக்காரன். கேட்டது ஒன்றுதான்.

“கடைசியா உன்கிட்டதானே பேசிக்கினு இருந்தாரு. என் பேரைச் சொன்னாருன்னு கூட்டத்துல சொல்லிடு நைனா.”

“சங்கத்துக் கஞ்சி அடுப்பு அணையாம பாத்துக்கோன்னான். அவ்ளோதான்பா. உன் பேரும் வரல, அவன் பேரும் வரல.”

17-8

கூட்டத்திலும் அதையே சொன்னேன். முதலாளி ஆள் என்று இரண்டு பக்கமும் ஏசியது. என்னையா?

20-8

வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி, சங்கத்தில் ஒரே பானையில் காய்ச்சிக் குடித்து வந்தோம். இப்போது இரண்டு பானை, சம்பந்தத்துக்கு ஒன்று, அப்பாதுரைக்கு ஒன்று. இரண்டிடத்திலும் கைலாசம் படம். அங்கே குடித்தவனுக்கு இங்கே கிடையாது. பிடி அரிசியை எந்தப் பானைக்குப் போடுவது என்று கேட்டுவிட்டு எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை என்ன சொல்ல? மற்ற வீடுகளும் சாத்தும் — தெரியாதா இவனுங்களுக்கு?

27-8

இரண்டு அடுப்பும் அணைந்தது.

2-9

விடிந்ததும் தெருவில் பாவு. விரித்தது கைலாசத்தின் மனைவி எல்லம்மாள். ஓடினேன். நீயேவா என்றேன்.

“எந்தப் பானைக்குப் போனாலும் அடுத்தவன் ஆளும்பாங்க. எங்கியும் போகல. அவன் குடுத்திருப்பான்னு இவன், இவன் குடுத்திருப்பான்னு அவன், ரெண்டு பேருமே வுட்டுட்டாங்க. பசிக்குது மாமா.”

சங்கத்து ஆட்கள் அந்த இருவராவது தடுப்பார்கள் என்று பார்த்தேன். சம்பந்தம் ஓடிவந்து பாவின் ஒரு முனையைப் பிடித்தான். அதைக் கண்டு அப்பாதுரை மறுமுனைக்குப் பாய்ந்தான். தலைவர் மனைவிக்கு உதவாதவன் என்ற பேர் இருவருக்குமே ஆகாது. கைலாசம் போன பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை. தொய்வில்லாமல்தான் பிடித்தார்கள்.

மத்தியானத்துக்குள் முதலாளி வாசலில் நூலுக்குக் கூட்டம். பழைய கூலிதான்.

போதும், கலாவதி. நீயும் நூலுக்குப் போய் நில்லு.