நடுவில் ஓடாத மின்சாரம்

நண்பா,

இன்று காலை கணபதி ஏரியாவில் ஒரு பட்டறைக்குப் பழுது பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் கம்பியின் இன்சுலேஷன் உறை கருகிய நாற்றம். உன் நினைப்பு வந்தது, கூடவே ஆத்திரமும். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது அடங்கவில்லை.

நாம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த பட்டறைக்கு முதல் பெரிய வேலை, பற்சக்கரத்தைச் சூடேற்றும் இண்டக்‌ஷன் மிஷின். கேட்டவர் உன் மாமனார். உன் வரைபடத்தில், மிஷினிலிருந்து காயிலுக்கு, அதாவது சூடேற்றும் செம்புச் சுருளுக்கு, போகும் லைனைப் பார்த்தார். "இதென்னுங்க மாப்பிள்ளை, தகரமாட்டப் பட்டை? நல்லாத் தடியா செம்புக் கம்பி போடுங்க. ரெண்டையும் எட்ட எட்ட வையுங்க, ஒட்டி இருந்தா ஆபத்துங்க."

இந்த மிஷினில் போல அதிர்வெண் ஏறினால் மின்சாரம் கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும், நடுச்செம்பு தண்டம். மின்தடை ஏறிக் கம்பி கொதிக்கும். போகிற கம்பியும் திரும்புகிற கம்பியும் விலகி நின்றால் ரியாக்டன்ஸ் என்கிற இன்னொரு தடையும் ஏறி, வோல்டேஜை வழியிலேயே தின்றுவிடும். அதனால்தான் அகலப் பட்டைகளை நெருக்கி வைத்து நீயே வரைந்திருந்தாய். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "செஞ்சுபோடலாமுங்க மாமா" என்றாய்.

வெளியே வந்து உன்னிடம் கத்தினேன். நீ சமாதானம் சொன்னாய்: "பொண்ணு குடுத்தவருப்பா. எதுத்துப் பேசுனா மருவாதியா இருக்குமா? சூடானா அவரே மாத்தச் சொல்லுவாரு."

அவர் சொன்னபடியே செய்து ஓட்டினோம். பற்சக்கரம் சிவக்கவில்லை. லைன்தான் கொதித்து உறை கருகியது. அவர் மாற்றச் சொல்லவில்லை. "பசங்களுக்குத் தொழில் தெரியலீங்க" என்று ஊரெல்லாம் சொன்னார். அதற்கும் நீ வாய் திறக்கவில்லை. மிஷின் கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், பட்டறையைப் பூட்டினோம். உனக்கு மாமனார் கம்பெனியில் நாற்காலி கிடைத்தது. நான் அடுத்தவன் மிஷினுக்குக் கூலி வேலை பார்க்கிறேன்.

உன் சாவுக்கு வந்தேன். உன் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்ற பேச்சுக்கு ஒரு நாளும் மறுபேச்சுப் பேசுனதில்லைங்க, தங்கமான மாப்பிள்ளை." பெருமையாகத்தான் சொன்னார். நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் தப்பாகக் கேட்டாலும், "அது ஆகாதுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். திமிர் பிடித்தவன் என்று பேர். பாதி வேலை கைநழுவிப் போகிறது. போகட்டும். அந்த ஒரு சொல்லை அன்றைக்கு நீ சொல்லியிருந்தால், உன் மாமனார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். நம் பட்டறை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும்.