வரி வாங்காத ஊர்

மே 4, ஞாயிறு

காலை ஒன்பதுக்கே கொளுத்துகிறது. எனக்கு ஆலையில் லீவு. சைக்கிளுக்கு டியூப் மாற்ற வேண்டும். மனைவி மலருக்கு முட்டிவலித் தைலம். நான் செயலாளருக்கு நிற்கும் சங்கத் தேர்தல் நோட்டீஸுக்கு வாசகம். மூன்றும் நடக்கவில்லை.

செல்வராசு வந்தார். சிமெண்ட் ஆலை பேக்கிங்கில் என்னோடு வருடக்கணக்காகத் தூசி தின்றவர், காலனிக்காரர். வாசலிலேயே நின்றார். இரண்டு தடவை "உள்ள வாங்க தோழர்" சொன்ன பிறகுதான் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

விஷயம் மாரியம்மன் திருவிழா. ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்கியாயிற்று. காலனியில் வாங்கவில்லை. என்றைக்கும் வாங்கியதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். வரி வாங்கிவிட்டால் அவர்களும் ஊர்க்கணக்கில் தலைக்கட்டு ஆகிவிடுவார்கள். ஊர்க்கூட்டத்தில் உட்காரலாம், திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி கேட்கலாம், சாமி அவர்கள் தெருவுக்கும் போக வேண்டிவரும். அதனால் வாங்குவதில்லை.

"நாளன்னிக்கு நாட்டாமையப் பாத்து, நாங்களும் வரி கட்டுறோம்னு கேக்கப் போறோம். நீங்க கூட வந்து நில்லுங்க தோழர். பேசக்கூட வேணாம்."

அதற்கு இந்த ஐயா, நான்தான், என்ன சொன்னார் தெரியுமா? "கல்லுக்கு எதுக்கு தோழர் வரி? சாமியே இல்லங்கறோம். அப்புறம் கோயிலுக்குள்ள எடம் கேட்டா, அவன் வலையில நாமளே போயி விழுந்த மாதிரில்ல?" கால் மணி நேரம் விடாமல் பேசினேன். பேசும்போது எனக்கே பிடித்திருந்தது.

செ. முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாக, "வேணாம்னு சொல்றதுக்கும் நம்மள்ட்ட யாராவது வரி கேட்டாவணும்ல தோழர். எங்கள்ட்ட யாரு கேட்டா?"

எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

மே 5, திங்கள்

ஏ ஷிப்ட். வெக்கை. முகமூடிக்குள் வேர்வை.

கேண்டீனில் முருகேசன், எங்கள் ஊர்த்தெருப் பையன், தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, காலனி வெவகாரத்துல தலையக் குடுத்துறாதீங்க. நம்ம பசங்க ஓட்டு அப்படியே அந்தப் பக்கம் போயிரும். எலக்சன் முடியட்டும்."

"நான் எங்கடா போறேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது.

வர்க்கம் முதலில், சாதி பிறகு என்று எத்தனை வகுப்பு எடுத்திருப்பேன். இன்றைக்கு முதலில் வந்தது செயலாளர் பதவி. தூ.

மே 6, செவ்வாய்

போகவில்லை. வேண்டாத ஓவர்டைம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். செ.வுக்கு வயிற்றுவலி என்று மெசேஜ். "உடம்ப பாத்துக்குங்க தோழர்" என்று பதில் போட்டிருக்கிறார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாட்டாமை மறுத்துவிட்டாராம். காலனிக்காரர்கள் மனு கொடுத்து, வியாழக்கிழமை குன்னம் தாலுக்கா ஆபீஸில் சமாதானக் கூட்டம்.

ராத்திரி நாட்டாமையே வீட்டுக்கு வந்தார். மலருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். "மாப்ள, நீயும் வந்துரு. செவப்புத் துண்டு ஒண்ணு நம்ம பக்கம் ஒக்காந்தா பேச்சே வேற."

"பொதுவா வேணா வரேன் மச்சான்" என்றேன். பொதுவாம்!

மே 8, வியாழன்

பஸ் முழுக்கப் புழுதிக்காற்று. காட்டில் சோளத்தட்டைகூடக் காய்ந்து சாய்ந்து கிடக்கிறது.

தாலுக்கா ஆபீஸில் எதிரெதிராக இரண்டு வரிசை நாற்காலி. நடுவில் மேசை. பொதுவானவனுக்கு நாற்காலி போடவில்லை. செ. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றேன்.

தாசில்தார் கேட்டார்: "நீங்க எந்தப் பக்கம் சார்?"

"எனக்குக் கடவுள் நம்பிக்கை கெடையாதுங்க. கோயில் வரியே கட்டுறதில்ல. எனக்கு இதுல சம்பந்தமில்லீங்க."

நாட்டாமை சிரித்துவிட்டார். "என்ன மாப்ள இப்படிச் சொல்லிப்புட்ட! ஒன் தலைக்கட்டு வரி வருசா வருசம் வந்துருதே. தங்கச்சி கரெக்டா குடுத்துருமே. சார், அவரு நம்ம ஆளுதாங்க. வெளிய சொல்ல வெக்கப்படுறாரு."

ஊர் வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்த நிமிடம் ஒரு வாக்கியம் போதும். "அப்ப சாமி கும்புடாத என்கிட்ட வாங்குறீங்க, கும்புடுற அவங்கள்ட்ட ஏன் வாங்கல?" நாக்கு நுனிவரை வந்தது. முருகேசனின் சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து நானும் பல்லைக் காட்டினேன். அதைத்தான் நினைக்க நினைக்கக் கூசுகிறது. செ. பையை எடுத்துத் திரும்ப அந்த நாற்காலியில் வைத்தார்.

பேச்சு முடியவில்லை. நாங்கள் தனியாகவே திருவிழா நடத்திக்கொள்கிறோம் என்று காலனிக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மே 9, வெள்ளி

மலரோடு சண்டை. யாரைக் கேட்டு வரி கட்டினாய் என்று கத்தினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே:

"கட்டலன்னா நாளைக்கு இந்த வூட்ல ஒரு சாவு வுழுந்தா தூக்க யாரு வருவா? ஒங்க சங்கமா?"

"எனக்குத் தெரியாம..."

"ஆமா, தெரியாது! வருசா வருசம் கோயில் பொங்கலு இலை போட்டு வந்துச்சே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு நாளு கேட்டிருப்பீங்களா? நெய் பத்தலன்னு மட்டும் கேட்டீங்க."

கேட்கவில்லைதான். தெரியும். எப்போதுமே தெரியும்.

மே 14, புதன்

ஜெயித்துவிட்டேன். செயலாளர். ஊர்ப் பையன்கள் ஆலை கேட்டுக்கு வெளியே வெடி வெடித்தார்கள். மாலை. சோடா. ஏற்புரையில் "சமத்துவம்" என்று வர வேண்டிய இடத்தில் இருமல் வந்தது. தூசி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

செ. எல்லாரும் போன பிறகு வந்து கை கொடுத்தார். "வாழ்த்துகள் சார்."

சார். எத்தனை வருடத்தில் முதல் தடவை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மரியாதையாகத்தான் சொன்னார்.

மே 17, சனி

தூக்கமில்லை. நோட்டீஸ் பாக்கியைக் கிழித்துப் போட்டேன். நாளைக்குக் காலனியில் திருவிழா. போகலாமா? போய் என்ன சொல்ல? மலரிடம் கேட்டால், "இப்ப எதுக்கு?" என்கிறாள். சரியான கேள்வி.

மே 18, ஞாயிறு

போனேன். மலர் ஊருக்குக் கட்டிய அதே தொகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.

சின்னப் பந்தல். சீரியல் லைட். ரேடியோ செட்டில் அம்மன் பாட்டு. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்று, பிறகு யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஃபேனை என் பக்கம் திருப்பினார்கள். டீ வந்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருக்கலாம்.

பணத்தை எடுத்து செ.விடம் நீட்டினேன். "என் வரி தோழர்."

வாங்கவில்லை. இரண்டு கையாலும் என் கையை மூடி என் பக்கமே தள்ளினார்.

"வேணாங்க சார்."

"நன்கொடையா வச்சுக்குங்க."

"நன்கொடையெல்லாம் நாங்க வாங்குறதில்லீங்க. வரிதான். வரி வாங்குனா நீங்க எங்க தலைக்கட்டு. அப்புறம் நல்லதுக்கும் வரணும், கெட்டதுக்கும் வரணும். நாலு பேரு முன்னால எங்க பக்கத்துல வந்து ஒக்காரணும்." சிரித்த முகத்தோடுதான் சொன்னார். "ஒங்களால முடியாது சார். ஒங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. டீ ஆறிடப் போவுது, குடிங்க."

குடித்தேன்.