உன் இலையில் வைத்த புற்றுமண்

மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கும் என் அண்ணிக்கு,

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். எல்லைத் தகராறு ஒருவழியாக முடிந்தது. நம் ஊர் ஆந்திராவோடு நின்றுவிட்டது. திருத்தணிப் பக்கம் இருக்கும் உன் அம்மா வீடு மெட்ராஸோடு போய்விட்டது. நீ இருந்திருந்தால், "ஏண்டி தனம், எங்கம்மா ஊட்டுக்குப் போறதுக்கு இனிமே எந்த சர்க்காரைக் கேக்கணும்?" என்று வம்புக்கு இழுத்திருப்பாய். யாரையும் கேட்க வேண்டாம் அண்ணி. பஸ் அதே பஸ்தான், தூசியும் அதே தூசிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருஷமாக நான் செய்துவந்த ஒரு காரியத்தை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆந்திரா தனியாகப் பிரிந்த அந்த வருஷம் நீ இரண்டாவது முறை முழுகாமல் இருந்தாய். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் நான் பாதி நாள் உன் அடுப்படியில்தான் கிடப்பேன். உலக்கை எடுத்தால் பத்துக் குத்துக்கு ஒரு தரம் நிற்பாய். தண்ணீர்க் குடத்தோடு வந்தால் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாய். "வேலையைப் பார்த்தா மட்டும் மவராசிக்கு மூச்சு வாங்குது" என்றாள் என் அம்மா. வைத்தியர் கபம் என்றார். பக்கத்து வீட்டுக்காரி திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அண்ணனுக்கு இதைக் கவனிக்க நேரமில்லை. அவர்தான் எல்லை மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தாரே!

நான் மட்டும் என்ன செய்தேன்? "நல்லா நடிக்கிறே அண்ணி" என்று கிண்டல் செய்தேன்.

திருப்பதி மலையை நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டு கிளம்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? முதல் கோபுரம் வருவதற்குள் படியில் சாய்ந்துவிட்டாய். உதடு வெளுத்திருந்தது. என் மடியிலிருந்து ஒரு கட்டி புற்றுமண் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கடித்து மென்றுவிட்டு, "இப்போ வாடி, ஏழு மலையும் ஏறலாம்" என்று சிரித்தாய்.

அந்த மண் நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். அதற்குப் பயந்தும், உன்மேல் இருந்த ஆசையாலும், வாரம் தவறாமல் புற்றை உடைத்து முந்தானையில் முடிந்து வந்தேன். நீ மாவடுவைக் கடிப்பதுபோல் அதைக் கடிப்பாய்.

பிரசவத்தில் நீயும் போனாய், பிள்ளையும் போனது. "உடம்புல ரத்தமே இல்லியே" என்று மருத்துவச்சி தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நான் செய்த காரியம் இதுதான். உன் நினைவு நாளில் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வடையும் வைத்துப் படைப்போம். யாரும் பார்க்காதபோது இலையின் ஓரத்தில் ஒரு கட்டி புற்றுமண்ணையும் வைப்பேன். பிறகு எடுத்து முருங்கை மரத்தடியில் போட்டுவிடுவேன். வருஷா வருஷம் இப்படித்தான். உனக்குச் செய்கிற பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் கட்டியைக் காணவில்லை.

தேடிப்போனால் கொல்லையில் உன் மகள் கௌரி வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். பதினாறு வயசுப் பெண். அவள் புத்தகப் பையை உதறினேன், கடித்த பலப்பத் துண்டுகள் கொட்டின. உண்மையைச் சொல்கிறேன் அண்ணி, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்படியே அம்மாவை உரித்து வைத்திருக்கிறாளே என்று கட்டிக்கொண்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நீ நிற்கும் அதே நிற்பு. ஓடிப்போய்க் குடத்தை வாங்கி இறக்கிவிட்டு, இவளை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றேன்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா பொண்ணு சீக்காளின்னு பேராயிடும். அப்பறம் எவன் கட்டுவான்?" என்றார்.

"கட்டுறதுக்கு மொதல்ல பொண்ணு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு திருப்பதி பஸ் ஏறினேன். அண்ணனை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்த டாக்டரம்மாவை உனக்குப் பிடித்திருக்கும். நெஞ்சில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார். சின்ன வயசில் மூட்டு வீங்கி ஜுரம் வந்ததா, இருமல் உண்டா, இழுப்பு உண்டா, கால் வீங்குகிறதா என்று வரிசையாக விசாரித்தார். "வேலை செய்யச்சொல்ல மூச்சு வாங்குறதுக்கு ஒரே காரணம் இல்லம்மா. இதயம் கெட்டிருந்தாலும் வாங்கும், நுரையீரல் கெட்டிருந்தாலும் வாங்கும், ரத்தம் கம்மியா இருந்தாலும் வாங்கும். எதுன்னு பாக்காம மருந்து குடுக்கக் கூடாது" என்றார். பிறகு கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "மண்ணு கிண்ணு துன்றியாம்மா?"

"லேதண்டி" என்றாள் உன் மகள். தெலுங்குப் பள்ளிக்கூடத்துப் பவ்யத்தோடு பச்சைப் பொய்.

"துன்றா டாக்டரம்மா. இவ அம்மாவும் துன்னா. நான்தான் கொண்டாந்து குடுத்தேன்" என்றேன். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

அவர் திட்டவில்லை. அந்த ஆசை ருசியால் வருவதில்லை, ரத்தம் குறைந்த உடம்பு காட்டும் அடையாளம் என்றார். ரத்தத்தையும் மலத்தையும் சோதித்தார்கள், ரத்தம் ரொம்பக் குறைவு, வயிற்றில் பூச்சியும் இருந்தது. வெறுங்காலோடு வேர்க்கடலைக் காட்டில் நடந்தால் அது காலின் வழியாகவே ஏறுமாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் எங்கள் அண்ணி பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "பாக்காத ஆளைப் பத்தி நான் எப்படிம்மா சொல்றது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நீயாவது சொல்லேன் அண்ணி, பிழைத்திருப்பாயா?

நான்கு மாதமாகக் கௌரி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். பூச்சிக்கும் மருந்து கொடுத்தார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறாள் என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்கிறது. நேற்று கிணற்றடியிலிருந்து அடுப்படி வரை குடத்தை இறக்காமல் வந்தாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். அண்ணன் அவளுக்கு முன்னால் நடந்து வாசல் கதவைத் திறந்துவிட்டார். மண்ணைப் பற்றிக் கேட்டால், "சீ, நாறுது அத்தே" என்கிறாள்.

வருகிற நினைவு நாளுக்குக் கருவாட்டுக் குழம்பு உண்டு, வடை உண்டு, முருங்கைக்கீரைப் பொரியலும் வைக்கிறேன். மண் மட்டும் கிடையாது. கனவில் வந்து கேட்டாலும் தர மாட்டேன் அண்ணி. உன்மேல் இருக்கும் ஆசையால்தான் அப்போது கொடுத்தேன், அதே ஆசையால்தான் இப்போது மறுக்கிறேன்.

கேட்டதையெல்லாம் கொடுத்து உன்னை இழந்த
உன் நாத்தனார்
தனம்