உள்ளே ஆள் இருந்தால் தனி ரேட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் என் வலது கண்ணும் சௌக்கியம். ஆபரேஷன் ஆன இடது கண்ணை அடுத்த வாரம் பார்த்துவிட்டுச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் எது சட்டை, எது பாவாடை என்று தெரிகிறது. இதற்குமேல் தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன். வரிகள் மேலும் கீழுமாகப் போனால் கண்ணைக் குறை சொல்லாதே, என் கையெழுத்து எப்போதும் அப்படித்தான். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதிப் பழகிய கை.

உன் ஊரில் குளிர் எப்படி இருக்கிறது? உதடு வெடிப்பதாகச் சொன்னாயே, ஏதாவது தடவுகிறாயா? ஆபீஸில் மத்தியானம் சாப்பிட நேரம் கொடுக்கிறார்களா, இல்லை நீயே எடுத்துக்கொள்வதில்லையா? இதற்கெல்லாம் பதில் போனிலேயே சொல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நான்கு கேள்வி கேட்பாய். அதோடு உங்களுடைய இந்த வீட்டில் ஒரு அறையில் இருமினால் இன்னொரு அறையில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். நான் சொல்லப்போவது மாப்பிள்ளை காதில் விழக்கூடாத விஷயம். அவர் ஆபீஸுக்குப் போயிருக்கிறார். நடுவில் பேசாமல் கடைசி வரை படி.

தாழ்ப்பாள் விஷயம்தான். போன ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்கு பாங்கிலிருந்து செய்தி வந்ததும் நீ மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாயே, அப்போது நான் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கை ஈரமாக இருந்ததால் போனை அலமாரி மேல் வைத்து ஸ்பீக்கரில் பேசினார். நீ சொன்னது முழுவதும் கேட்டது. "காய்க்காரம்மாகிட்ட அரை மணி நேரம் வாதாடுற ஆளு, ஒரு தாழ்ப்பாளுக்குப் போய் இவ்வளவு குடுத்தீங்களா? நான் லீவுக்கு வர எடுத்து வெச்ச பணம் அது. நான் வர வேண்டாம்னே நினைச்சிட்டீங்களா?" என்று கேட்டாய். அவர், "கதவு சிக்கிடுச்சு, ஆள் கூப்பிட்டேன், ஏமாந்துட்டேன்மா" என்றார். நீ வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ அவரிடம் சரியாகப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொன்னார். மீதிப் பாதி அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தது. உள்ளே இருந்தது நான்.

உங்கள் வீட்டுப் பழக்கம் உனக்கே தெரியும். குளியலறைக் கதவு தொங்கிப்போய் தாழ்ப்பாள் அதன் ஓட்டையில் சேராது. அதனால் யாராவது உள்ளே இருந்தால் வெளியே கைப்பிடியில் துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் ஆள் இருக்கிறது, தொங்காவிட்டால் காலி. நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படியே ஓட்டிவிட்டீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு துண்டை நம்பி மாமனார் எப்படியம்மா உட்கார முடியும்? வந்த அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார், "மாமா, அந்தத் தாழ்ப்பாளை மட்டும் தொடாதீங்க" என்று. தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருக்கிற வம்சமா நாம்?

ஞாயிற்றுக்கிழமை அவர் காய் வாங்கப் போனார். கொசுறு வாங்காமல் அவர் திரும்பமாட்டார், எப்படியும் நேரமாகும் என்று கணக்குப் போட்டேன். அவருடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கதவு நிலையில் இருந்த ஓட்டையைக் கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் குடைந்தேன். தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் முக்காலியில் உட்கார்ந்தேதான் செய்தேன், அதற்காகத் திட்டாதே. வேலை முடிந்ததும் வெள்ளோட்டம் பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் தாழ்ப்பாள் உள்ளே போனது. அந்த நிமிஷம் என்னைவிடப் பெரிய தச்சன் உலகத்தில் இல்லை.

இழுத்தால் வரவில்லை. தொங்கிய கதவு தன் பாரம் முழுவதையும் தாழ்ப்பாளின் மேல் போட்டு உட்கார்ந்துவிட்டது. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது என்பார்களே, அந்தக் கதைதான்.

பாப்பா, இனிமேல் சொல்வதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு மூடின இடம் ஆகாது. உன் அம்மா இருந்தபோது அவளுக்குக்கூட இது தெரியாது. வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் படியில் காற்றில் நின்றவன், அதனால் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. அந்தக் குளியலறையில் இருப்பது தலைக்கு மேல் கையகல ஜன்னல் ஒன்று. முதலில் சும்மா இழுத்தேன். பிறகு பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். மூச்சு முட்டியது. மாப்பிள்ளை திரும்பி வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்து, செத்துப்போன என் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டும் இருந்தேன். எழுதிவிட்டேன், போ.

அவர் கேட்ட முதல் கேள்வி கதவைப் பற்றி இல்லை. "மாமா, கண்ணைத் தேய்ச்சீங்களா?" என்றுதான் கேட்டார். "தேய்க்காதீங்க, முக்கி இழுக்காதீங்க, அழுத்தம் ஏறினா போட்ட லென்ஸ் நகர்ந்திடும், கதவை நான் பார்த்துக்கறேன்" என்றார். வெளியிலிருந்து மோதித் திறக்கலாம் என்றால் நான் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன், நகரவும் கால் வரவில்லை. வழக்கமாக வரும் தச்சர் போன் எடுக்கவில்லை. கடைசியில் வாசல் கேட்டில் ஒட்டியிருக்கிற 'அவசரப் பழுது, எந்நேரமும்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து அந்த நம்பருக்குப் பேசினார்.

அவர்கள் வரும்வரை அவர் கதவுக்கு அந்தப்பக்கம் தரையில் உட்கார்ந்தார். என் பேச்சு குழறுவதைக் கேட்டு, "மாமா, உங்க பழைய ரூட்டுல ஸ்டாப் எல்லாம் வரிசையாச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்தாலும் வாய் தானாகச் சொன்னது. மில் கேட், தண்ணித் தொட்டி, பழைய ஆஸ்பத்திரி, கோர்ட் வாசல். அவர், "கோர்ட் வாசலுக்கு ஒண்ணு குடுங்க, சில்லறை இல்லை" என்றார். சில்லறை இல்லாவிட்டால் இறங்கி நடக்கச் சொன்னேன். கண்டக்டர் ரொம்பக் கறார் என்றார். இப்படியே அந்த ரூட்டில் போய்விட்டுத் திரும்பியும் வந்தோம். மூச்சு சீராகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நானும் அவரும் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வேலை செய்ய, ஒருவர் அதைப் பார்க்க. போனில் சொன்ன ரேட் வேறு, வாசலில் சொன்ன ரேட் வேறு. வந்ததற்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே போனது. கதவுக்கு இந்தப்பக்கம் எல்லாம் கேட்டது. கடைசியில் அந்த மனிதர், "உள்ள ஆள் இருந்தா தனி ரேட் சார்" என்றார். சர்வீஸ் முழுக்க மூட்டைக்கும் கூடைக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தவன் நான். அன்றைக்கு நானே லக்கேஜ் ஆகிவிட்டேன்.

இனி நம்மவர் விடமாட்டார், சாயங்காலம் வரை பேரம் பேசுவார், நான் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார் என்று உன்னிடம் நானே எத்தனை முறை கேலி செய்திருப்பேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க கேட்டது எவ்வளவோ அவ்வளவும் தரேன். பேச்சு வேண்டாம், முதல்ல எங்க அப்பாவை வெளிய எடுங்க." மாமா என்று சொல்லவில்லை பாப்பா.

வேலை என்ன தெரியுமா? கதவுக்கு அடியில் ஒரு தட்டையான கம்பியைக் கொடுத்து அதன் மேல் காலால் அழுத்தினார். கதவு கொஞ்சம் மேலே எழும்பியது. "இப்ப இழுங்க பெரியவரே" என்றார். இழுத்தேன், வந்துவிட்டது. நம் வீட்டு மண்வெட்டியே போதும் அதற்கு. பிறகு நாங்கள் கேட்காமலே ஒரு புதுத் தாழ்ப்பாளைப் போட்டு அதற்கும் சேர்த்து பில் நீட்டினார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

ஆனால் அவர்களை நான் திட்டவில்லை. வருகிறோம் என்று சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கொள்ளைதான், ஆனால் கதவைத் திறந்துவிட்டு அடித்த கொள்ளை. அன்றைக்கு என் நிலைமைக்கு அந்த மனிதர் எனக்குக் கடவுள் மாதிரித் தெரிந்தார். என்ன, அர்ச்சனைச் சீட்டு விலை கொஞ்சம் அதிகம்.

மாப்பிள்ளை பில்லைப் பார்க்கவே இல்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். சிவப்பு அவ்வளவாக இல்லை என்றார். உட்காரவைத்துச் சொட்டு மருந்து விட்டார். மருந்து பாதி கன்னத்தில் விழுந்தது. அவர்கள் போன பிறகு நான், "பாப்பாவுக்கு இது தெரிய வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். "எது தெரிய வேண்டாம்? ஒண்ணுமே நடக்கலையே" என்றார். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் உன்னிடம் ஏமாளிப் பட்டம் வாங்கிக்கொண்டு நிற்கிறார். நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எங்கே நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

மறுநாள், என் லக்கேஜ் சார்ஜ் என்று சொல்லி அந்தப் பணத்தை நான் கொடுக்கப் பார்த்தேன். "லக்கேஜுக்கு லக்கேஜ்கிட்டயே யாராவது காசு வாங்குவாங்களா மாமா" என்று சிரித்தாரே தவிரத் தொடவில்லை. சரி, அவர் வாங்கவேண்டாம். நீ லீவில் வருவதற்கான பணத்தை என் பென்ஷனிலிருந்து உனக்கே அனுப்புகிறேன். கடனை அடைக்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும்.

புதுத் தாழ்ப்பாளை அவர் அன்றைக்கே கழற்றிவிட்டார். நான் இப்போது துண்டுதான் தொங்கவிடுகிறேன். நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அவருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடுகிறது. துணி மடிக்கிறார், செருப்பை அடுக்குகிறார், யாருக்கோ படிப்பதுபோலப் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறார். நான் வெளியே வந்ததும் எழுந்து போய்விடுகிறார். எனக்கு மகன் இல்லையே என்று உன் அம்மா கடைசி வரை வருத்தப்பட்டாள். அவள் இதைப் பார்க்கவில்லை என்பதுதான் இப்போது என் வருத்தம்.

நீ கோபித்துக்கொண்டதில் தப்பில்லை. தூரத்தில் இருக்கிறவளுக்குச் செலவு மட்டும்தான் தெரியும். ஆனால் வர வேண்டாம் என்று நினைத்தீர்களா என்று கேட்டாயே, அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள். காலண்டரில் நீ வரும் மாதத்தை அவர் முன்னாலேயே மடித்துப் புரட்டி வைத்திருக்கிறார். இன்றைக்கு என்ன தேதி என்றே இந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அவரைக் கூப்பிடு. மன்னிப்பு எல்லாம் வேண்டாம், அவருக்குக் கூச்சமாகப் போய்விடும். சாப்பிட்டீங்களா என்று கேள், மற்றது தானாக வரும். நான் எழுதினேன் என்றும் சொல்லிவிடு. ஓட்டையைக் குடைந்தது, அழுதது, அம்மாவைக் கூப்பிட்டது எல்லாம் உனக்குத் தெரியும் என்று சொல். என் மானத்தைக் காப்பாற்ற அவர் இதற்குமேல் செலவு செய்ய வேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நீ கூப்பிடுகிற அன்றைக்கு ராத்திரி போனில் என்னை வைத்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரியுங்கள். நான் பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரிப் படுத்திருப்பேன்.

உன் அப்பா